கேம் ஆவணப்படம் எங்கே ஜெயிக்கிறது, எங்கே படுத்துவிடுகிறது?

ஜூன் 2 (வாசகர் ஒருவர்)

வீடியோ கேம் பற்றி வரும் ஆவணப்படங்கள் எல்லாம் ஏற்கெனவே கேம் ஆடுகிறவர்களுக்காக மட்டுமே எடுக்கப்படுகின்றன. மற்றவர்கள் அரை மணி நேரம்கூடத் தாங்க மாட்டார்கள். ஒருவர் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறார், பட்டனை அழுத்துகிறார். இதில் படம் எடுக்க என்ன இருக்கிறது? மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

ஜூன் 3

மறுப்பு இருக்கிறது. நீங்கள் சொல்கிற குறை பல படங்களுக்குப் பொருந்தும். ஆனால் அது கேமின் குறை இல்லை, எடுத்தவர்களின் குறை.

2007-இல் வந்த 'தி கிங் ஆஃப் காங்' படத்தை எடுத்துக்கொள்வோம். சேத் கார்டன் இயக்கியது. 1981-இல் வந்த 'டாங்கி காங்' என்ற ஆர்கேட் கேமில் (காசு போட்டு ஆடும் பெரிய மெஷின்) யாருக்கு அதிக ஸ்கோர் என்று இரண்டு நடுத்தர வயது ஆண்கள் மோதுகிறார்கள். கதை அவ்வளவுதான். ஒருவர் பில்லி மிட்செல், எண்பதுகளிலிருந்தே பெயர் பெற்ற சாம்பியன். இன்னொருவர் ஸ்டீவ் வீபி, வேலை பறிபோனபோது கராஜில் ஒரு மெஷினை வைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தவர், பிறகு பள்ளியில் அறிவியல் ஆசிரியர்.

வீபி பத்து லட்சம் புள்ளிகளைத் தாண்டிய ஆட்டத்தை அவரே வீடியோ டேப்பில் பதிவு செய்திருக்கிறார். நாம் பார்ப்பது கேம் திரையை மட்டும்தான். பின்னணியில் அவருடைய சின்ன மகனின் குரல். டாய்லெட் போன பையன் துடைத்துவிடச் சொல்லிக் கத்துகிறான், டாங்கி காங் ஆடுவதை நிறுத்து என்று கத்துகிறான். அப்பா எழுந்திருக்கவில்லை. திரையில் பீப்பாய்கள் உருண்டு வந்துகொண்டே இருக்கின்றன. அந்த ஆட்டம் அவருக்கு எவ்வளவு முக்கியம், அதற்கு வீட்டில் என்ன விலை என்பது பேட்டியே இல்லாமல் புரிந்துவிடுகிறது.

இன்னொன்று, கில் ஸ்கிரீன், அதாவது கேம் தானாகவே நின்றுபோகும் இடம். டாங்கி காங்கில் 22-ஆவது லெவலுக்கு மேல் போக முடியாது. அந்த லெவலுக்கான போனஸ் நேரத்தைக் கணக்கிடும்போது 260 வர வேண்டும். மெஷின் அந்த எண்ணை வைக்கும் எட்டு பிட் இடத்தில் 255-க்கு மேல் நிற்காது, அதனால் 4 மட்டும் மிஞ்சும். சில நொடிகளில் நாம் ஆட்டுவிக்கும் மரியோ தானாகச் செத்துவிடுவான். படம் இந்தக் கணக்குக்குள் போவதில்லை. இதற்கு மேல் யாராலும் ஆட முடியாது என்பதை மட்டும் முன்கூட்டியே நம் மனதில் பதிய வைத்துவிடுகிறது. அப்புறம் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள ஃபன்ஸ்பாட் ஆர்கேடில் வீபி எல்லோர் முன்னாலும் ஆடுகிறார். கில் ஸ்கிரீன் வரப்போகிறது என்று ஒருவர் ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொல்கிறார். கேமே ஆடாதவரும் இருக்கை நுனிக்கு வந்துவிடுவார். வீபியின் ஸ்கோர் 985,600. அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் மிட்செல் அனுப்பிய டேப் வந்து சேர்கிறது: 1,047,200.

நான் சொல்ல வருவது இதுதான். ஆடத் தெரியாதவருக்குத் திரையைப் படிக்கக் கற்றுக்கொடுக்கிற படம் ஜெயிக்கிறது. அந்த வேலையைச் செய்யாமல், கேம் காட்சிகளைப் பேட்டிகளுக்கு நடுவே நிரப்பியாகப் போடுகிற படம் படுத்துவிடுகிறது.

ஜூன் 3, இரவு

என் அக்கா எந்த கேமும் ஆடியதில்லை. அவளோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தேன். வீபியின் ஸ்கோர் ஏற ஏற எண்களைச் சத்தமாக வாசித்தது நான் இல்லை, அவள்தான்.

ஜூன் 5

சரி, தோற்ற படம் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

'வீடியோ கேம்ஸ்: தி மூவி', 2014. கேம் துறையின் மொத்தக் கதையையும் ஒரே படத்தில் சொல்ல வந்தது. இப்போது எண்பதுகளில் இருக்கிறோம், அடுத்த காட்சியில் புதிய கன்சோல், மறுபடி பின்னால். எது எதற்குக் காரணம் என்று பிடிபடவே இல்லை. வருகிற எல்லோரும் கேம்கள் அற்புதமானவை, கேம்கள் கலை, கேம்கள்தான் எதிர்காலம் என்கிறார்கள். யாரும் யாரோடும் முரண்படுவதில்லை. எதையாவது இழந்தவர் ஒருவரும் இல்லை.

எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. கேம் ஆடுவது நேர விரயம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லும் ஆசை படம் எடுப்பவர்களுக்கும் இருக்கிறது. ஆனால் கேமுக்கு மரியாதை வாங்கித்தருவதையே வேலையாக எடுத்துக்கொள்ளும் படத்துக்கு ஒரு கேமைக்கூட உற்றுப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. வழக்கறிஞரின் வாதமாகிவிடுகிறது. கட்சிக்காரரின் முகம் நமக்குத் தெரியவே தெரியாது.

வரலாறு சொல்வதே தப்பு என்று இல்லை. நெட்ஃபிளிக்ஸில் 2020-இல் வந்த 'ஹை ஸ்கோர்' ஆறு பகுதிகளும் வரலாறுதான், அதுவும் அங்கங்கே தாவுகிறது. ஆனால் 1976-இல் வந்த ஃபேர்சைல்ட் சேனல் எஃப் கன்சோலுக்கு வரும்போது, அதை உருவாக்கிய குழுவை நடத்திய ஜெர்ரி லாசனைப் பற்றி அவருடைய பிள்ளைகள் பேசுகிறார்கள். கேம் அடங்கிய கார்ட்ரிட்ஜை மாற்றி மாற்றிப் போட்டு ஆடுவது எங்கிருந்து வந்தது என்பது ஒரு குடும்பத்தின் நினைவாக வருகிறது. 1980-இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் தேசியப் போட்டியில் வென்ற ரெபெக்கா ஹைனமனும் வருகிறார். அந்த இரண்டு பேருக்காகவே ஆறு பகுதிகளையும் பார்க்கலாம்.

ஜூன் 6

ஒருவர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்: 'தி கிங் ஆஃப் காங்' பல விஷயங்களை விட்டுவிட்டது என்கிறார்களே, அது எப்படி நல்ல ஆவணப்படம் ஆகும்?

விட்டுவிட்டது உண்மை. மிட்செல் 1982-இல் எடுத்த 874,300 புள்ளிகளை வீபி வரும்வரை யாரும் தொடவில்லை என்ற எண்ணத்தோடுதான் படம் பார்த்தவர் எழுந்திருப்பார். 2000-இலேயே இன்னொரு ஆட்டக்காரர் அதைக் கடந்திருந்தார். அவர் வந்தால் ஒருவருக்கு எதிராக ஒருவர் என்ற வடிவம் கெட்டுவிடும், அதனால் அவர் படத்தில் இல்லை. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஒரு மனிதரை எடிட்டிங்கில் வில்லனாக்கினால் அந்தப் பட்டம் வாழ்நாள் முழுக்க அவர் கூடவே வரும்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2018 பிப்ரவரியில் ஒருவர் மிட்செலின் டேப்புகளை ஃபிரேம் ஃபிரேமாக ஆராய்ந்து புகார் கொடுத்தார். அசல் டாங்கி காங் மெஷினில் புதிய லெவலின் படம் பக்கவாட்டில் இழுபடும் கதவு மாதிரி திரையில் விரியும். பழைய மெஷினைப் போலவே நடிக்கும் கம்ப்யூட்டர் மென்பொருளான எமுலேட்டரில் அது துண்டு துண்டாக வந்து சேரும். டேப்பில் இருந்தது இரண்டாவது வகை என்பது புகார். ஏப்ரலில், கேம் ஸ்கோர் சாதனைகளைப் பதிவு செய்யும் ட்வின் கேலக்ஸீஸ் அமைப்பு மிட்செலின் எல்லா ஸ்கோர்களையும் நீக்கியது. அவர் மறுத்தார், வழக்குப் போட்டார். 2020-இல் கின்னஸ் அவருடைய சாதனைகளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. 2024 ஜனவரியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஸ்கோர்கள் இப்போது பழைய பதிவுகளுக்கான காப்பகத்தில் இருக்கின்றன.

நீக்கப்பட்டவற்றில் அந்த 1,047,200-உம் உண்டு. படத்தின் பெரிய திருப்பமாக வந்த அதே டேப்! படம் அந்த டேப்பை அரங்கத்திலேயே காட்டுகிறது, ஆனால் நமக்கு எண்ணை மட்டும் படிக்கக் கற்றுக்கொடுத்திருந்தது. லெவல் மாறும் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே 3-ஆம் தேதி சொன்னதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்: திரையைக் கொஞ்சம் படிக்கக் கற்றுக்கொடுத்தால் படம் ஓடும். ஆழமாகப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் உண்மையும் கிடைத்திருக்கும்.

ஜூன் 9

கேம் உருவாகும் கதையைச் சொல்லும் படங்கள் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இதுதான் எனக்குப் பிடித்த வகை, அதிகம் ஏமாற்றுவதும் இதுதான்.

நிறுவனமே எடுத்து வெளியிடும் படங்களில் ஒரு அடையாளம் பார்த்திருக்கிறேன். கஷ்டங்கள் எல்லாம் இறந்தகாலத்தில்தான் வரும். 'அந்தச் சமயத்தில் ரொம்பச் சிரமப்பட்டோம்' என்று நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கேம் வெளிவந்து விருது வாங்கிய பிறகு எடுத்த பேட்டி அது. சிரமம் நடந்த அன்று கேமரா அங்கே இல்லை, அல்லது இருந்தும் அந்தக் காட்சி வெளியே வரவில்லை.

'இண்டி கேம்: தி மூவி' (2012) வேறு மாதிரி. கனடாவைச் சேர்ந்த லிசான் பஜோவும் ஜேம்ஸ் ஸ்வர்ஸ்கியும் எடுத்தது. 2011 பாக்ஸ் ஈஸ்ட் கண்காட்சியில் ஃபில் ஃபிஷ் தன்னுடைய 'ஃபெஸ்' கேமை முதல் முறையாகப் பொதுமக்கள் கையில் கொடுக்கிறார். பல வருட உழைப்பு. அது நடுவிலேயே உறைந்துபோகிறது. ஓடிப்போய் மறுபடி தொடங்கி வைக்கிறார். திரும்பவும் உறைகிறது. பிரிந்துபோன கூட்டாளியோடு சட்டச் சிக்கல் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கேம் வெளிவருமா என்று ஃபிஷுக்கும் தெரியாது, எடுப்பவர்களுக்கும் தெரியாது. 2012 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் படம் திரையிடப்பட்டபோதுகூட ஃபெஸ் வெளிவந்திருக்கவில்லை, ஏப்ரலில்தான் வந்தது.

அதே படத்தில் 'சூப்பர் மீட் பாய்' செய்த எட்மண்ட் மெக்மில்லன், லெவல்களை எப்படி அமைக்கிறார் என்று விளக்குகிறார். ஒரு வார்த்தை எழுதாமல், முதல் சில லெவல்களிலேயே குதிப்பது எப்படி என்று ஆடுபவருக்குப் பழக்கிவிடுகிறார். நல்ல ஆவணப்படம் பார்வையாளருக்குச் செய்ய வேண்டியதும் இதையேதான்.

குறை உண்டு. பிரிந்துபோன அந்தக் கூட்டாளியின் தரப்பு படத்தில் இல்லை. ஃபிஷ் கோபமாகப் பேசும் இடங்களில் எனக்கு அந்தக் காலி நாற்காலிதான் கண்ணில் படுகிறது.

இந்த வகையின் உச்சம் என்றால் டபுள் ஃபைன் என்ற கேம் ஸ்டுடியோவில் 2 பிளேயர் புரொடக்ஷன்ஸ் என்ற படக்குழு செய்த வேலை. 2012-இல் டபுள் ஃபைன், பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ஒரு கேமுக்காக 4 லட்சம் டாலர் கேட்டது. கேமோடு ஆவணப்படமும் தருவோம் என்பது ஒப்பந்தம். 33 லட்சத்துக்கு மேல் வந்தது. அவ்வளவு பணம் வந்தும் போதாமல் கேமை இரண்டாகப் பிரித்து வெளியிட நேர்ந்தது. அந்த நிலைமைக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது படத்தில் இருக்கிறது, ஏனென்றால் பணம் கொடுத்தவர்களுக்குக் காட்டியாக வேண்டும். பிறகு 'சைக்கோநாட்ஸ் 2' உருவான வருடங்களைப் பின்தொடர்ந்து 2023-இல் 'சைக்கோடிஸி' வந்தது. 32 பகுதிகள், யூடியூபில் இலவசம். மீட்டிங் அறையில் இரண்டு பேருக்கு ஒத்துப்போகவில்லை, மூன்றாமவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். அலுவலகம் எதிலாவது வேலை பார்த்தவர் யாருக்கும் இதைப் புரிந்துகொள்ள கேம் தெரிந்திருக்கத் தேவையில்லை.

ஜூன் 9, கொஞ்ச நேரம் கழித்து

'ஃப்ரீ டு ப்ளே' (2014) பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், டோட்டா 2 கேமை வைத்திருக்கும் வால்வ் நிறுவனமே எடுத்தது. 2011-இல் கொலோனில் நடந்த முதல் 'இன்டர்நேஷனல்' போட்டி, முதல் பரிசு 10 லட்சம் டாலர். விளம்பரம்தான், சந்தேகமில்லை. இருந்தும் அப்பாவை இழந்த டெண்டி, படிப்பைப் பணயம் வைத்த சிங்கப்பூர் இளைஞர் என்று ஆட்டக்காரர்களின் வீட்டுக் கதைகள் நிற்கின்றன. நிற்காதது போட்டிதான். டோட்டாவில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் மோதும்போது தெரியாதவருக்கு வெறும் வண்ண வெடிப்பு. முக்கியமான சண்டைகளை அனிமேஷனாக மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். பார்க்க அழகு. ஆனால் எது நல்ல முடிவு, எது தப்பு என்பது அழகில் தெரியாது.

ஜூன் 11

பின்னணி இசை. ஒருவர் தன் அம்மாவின் மரணத்தைப் பற்றிப் பேசும்போதும் கீழே எட்டு பிட் பீப் பீப் சத்தம் ஓடுவதைக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஜூன் 14

கேமுக்குள்ளேயே கேமராவைக் கொண்டுபோகும் படங்களை இதுவரை யாரும் தொடவில்லை. இங்கேதான் உங்கள் முதல் கேள்வி தலைகீழாகிறது. ஒருவர் உட்கார்ந்து பட்டனை அழுத்துவதில் என்ன இருக்கிறது என்றீர்கள்.

பெஞ்சமின் ரீ இயக்கிய 'தி ரிமார்க்கபிள் லைஃப் ஆஃப் இபெலின்' (2024). மட்ஸ் ஸ்டீன் என்ற நார்வே இளைஞர் டுஷென் தசைச் சிதைவு நோயால் 2014-இல் 25 வயதில் இறந்தார். பெற்றோர் அவருடைய வலைப்பதிவில் மரணச் செய்தியைப் போட்டார்கள். அதன் பிறகுதான், 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற ஆன்லைன் கேமில் அவருக்கு இருந்த நண்பர்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. தனிமையில் வாழ்ந்து போனான் என்று வருந்திக்கொண்டிருந்த பெற்றோருக்குத் தெரியாத ஒரு முழு வாழ்க்கை.

ரீ செய்த நல்ல காரியம் இது. முதலில் வீட்டு வீடியோக்களை வைத்துப் பிறப்பிலிருந்து இறுதிச் சடங்கு வரை பெற்றோரின் கண்ணால் சொல்லிவிடுகிறார். அப்புறம் முதலிலிருந்து மறுபடி தொடங்குகிறார், இந்த முறை கேமுக்குள்ளிருந்து. கேமில் மட்ஸ் இருந்த குழுவினர் சேமித்து வைத்திருந்த பதிவுகள் 42,000 பக்கம். யார் என்ன பேசினார்கள், யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதை வைத்து அனிமேஷனில் காட்சிகளை மறுபடி உருவாக்கினார்கள். சக்கர நாற்காலியில் இருந்தவர் இபெலின் என்ற தன் கேம் பாத்திரமாக உள்ளே வந்ததும் ஓடுகிறார், காட்டு வழியே வெறுமனே ஓடுகிறார். எதற்காக என்று யாரும் நமக்கு விளக்குவதில்லை.

அவரைப் புனிதராகவும் ஆக்கவில்லை. நோயை மறைத்ததும் நண்பர்களிடம் சுருக்கென்று பேசிப் புண்படுத்தியதும் படத்தில் இருக்கின்றன. அதனால்தான் அந்த நட்புகளை நம்ப முடிகிறது. உரிமை விஷயத்திலும் துணிந்தார்கள். பெரும்பகுதி வேலையை முடித்துவிட்டுத்தான் அந்த கேமை வைத்திருக்கும் பிளிஸார்டிடம் போய்க் காட்டினார்கள், நிறுவனம் ஒத்துக்கொண்டது. முன்கூட்டியே அனுமதி கேட்டிருந்தால் எத்தனை காட்சிகள் மிஞ்சியிருக்கும் என்ற கேள்வி எனக்கு இருக்கிறது.

'நிட்ஸ் ஐலண்ட்' (2023) இன்னும் கடுமையான சோதனை. மூன்று பிரெஞ்சு இயக்குநர்கள் 'டேஇசட்' என்ற உயிர்பிழைக்கும் கேமுக்குள் 963 மணி நேரம் இருந்து, அங்கே சந்தித்தவர்களைப் பேட்டி எடுத்திருக்கிறார்கள். பேசுபவர் யாருடைய நிஜ முகத்தையும் நாம் பார்ப்பதில்லை. படக்குழுவும் உள்ளே சாப்பிட்டு, தண்ணீர் குடித்து உயிரோடு இருந்தால்தான் பேட்டி தொடரும். சில இடங்களில் நீளம், பொறுமை வேண்டும்.

ஜூன் 15

'கிராண்ட் தெஃப்ட் ஹேம்லெட்'டை விட்டுவிட்டீர்களே என்று ஒரு செய்தி. பொதுமுடக்கத்தில் வேலையில்லாத பிரிட்டிஷ் நடிகர்கள் 'ஜிடிஏ ஆன்லைன்' கேமுக்குள் ஷேக்ஸ்பியர் நாடகம் போட முயல்கிறார்கள். ஒத்திகை நடக்கும்போது முன்பின் தெரியாதவர் வந்து எல்லோரையும் சுட்டுவிட்டுப் போகிறார். ஜாலியான படம். விடக்கூடாதுதான்.

ஜூன் 19

கைகள். இதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

என் நண்பன் ஸ்பீட்ரன் ஆடுபவன், அதாவது ஒரு கேமை எவ்வளவு வேகமாக முடிக்கலாம் என்று பார்ப்பவன். அவன் பயிற்சி செய்வதைத் திரைப்பதிவாக எடுத்து, கூடவே அவன் கைகளுக்கு நேராக ஒரு கேமராவும் வைத்தேன். இரண்டையும் அக்கம்பக்கமாகப் போட்டு வீட்டில் காட்டியபோது எல்லோரும் கைகளைத்தான் பார்த்தார்கள். மிகக் கடினமான அந்த ஒரு தாவலுக்கு முன்னால் அவன் வலது கட்டைவிரலைக் கன்ட்ரோலரிலிருந்து எடுத்து, பேண்ட்டில் துடைத்து, மறுபடி வைக்கிறான். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். அவனுக்கே அது தெரியாது. அதைப் பார்த்த பிறகு வீட்டில் எல்லோருக்கும் அந்தத் தாவல் எங்கே வரும் என்று தெரிந்துவிட்டது.

'எக்ஸ்டஸி ஆஃப் ஆர்டர்: தி டெட்ரிஸ் மாஸ்டர்ஸ்' (2011) இதைப் புரிந்துகொண்ட படம். 2010-இல் நடந்த முதல் கிளாசிக் டெட்ரிஸ் உலகப் போட்டி பற்றியது. டெட்ரிஸில் ஒரு வசதி, பார்த்ததும் புரியும். 29-ஆவது லெவலில் கட்டங்கள் விழும் வேகம் கைக்கு அடங்காது, அதுதான் எல்லை என்று அப்போது எல்லோரும் நம்பினார்கள். போட்டியாளர் தார் ஆக்கர்லண்டின் கட்டைவிரல் பட்டனில் துடிக்கும் வேகத்தைப் பார்த்தால் அந்த எல்லை என்னவென்று விளங்கும். 2023 டிசம்பரில் 13 வயதுப் பையன் ஒருவன் அதே கேமை 157-ஆவது லெவல் வரை கொண்டுபோய் உறைய வைத்துவிட்டான். அதனால் படம் பழசாகிவிட்டதா? இல்லை. 29 எவ்வளவு கொடூரம் என்பதை உடம்பில் உணர அந்தப் படம்தான் வேண்டும்.

ஜூன் 22

ஒரு திருத்தம். அட்டாரி என்ற கேம் நிறுவனம் விற்காத கார்ட்ரிட்ஜ்களைக் குப்பைக்கிடங்கில் புதைத்த கதை பலருக்குத் தெரியும். ஈ.டி. என்பது அதே பெயர்ப் படத்தை வைத்து அவர்கள் வெளியிட்ட கேம். 'பாலைவனத்தில் புதைத்தது முழுக்க ஈ.டி. கேம்தான்' என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. 2014 ஏப்ரல் 26 அன்று நியூ மெக்சிகோவின் ஆலமகோர்டோ குப்பைக்கிடங்கைத் தோண்டியபோது சென்டிபீட், டிஃபெண்டர் போன்ற நன்றாக விற்ற கேம்களும் கிடைத்தன. வெளியே எடுத்தது சுமார் 1,300 கார்ட்ரிட்ஜ். புதைத்தது 7 லட்சத்துக்கு மேல் என்று, அந்த வேலையைப் பார்த்த முன்னாள் அட்டாரி மேலாளர் சொன்னார்.

ஸாக் பென் இயக்கிய 'அட்டாரி: கேம் ஓவர்' (2014) இந்தத் தோண்டலைத்தான் காட்டுகிறது. மண்வாரி இயந்திரம், தூசிப்புயல், கூட்டம் எல்லாம் டிவி நிகழ்ச்சி மாதிரிதான். படத்தைக் காப்பாற்றுவது ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா. 1982 கிறிஸ்துமஸ் விற்பனைக்காக ஈ.டி. கேமை ஐந்தே வாரத்தில் தனியாக எழுதி முடித்தவர். அதற்கு முன் 'யார்ஸ் ரிவெஞ்ச்' என்ற வெற்றியைக் கொடுத்தவர். ஒரு நிறுவனத்தின் சரிவுக்கே காரணம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவர் பிறகு மனநல ஆலோசகராகிவிட்டார். தோண்டிய குழியின் ஓரத்தில், அதைப் பார்க்க வந்த கூட்டத்தைக் கண்டு அவருக்குக் கண் கலங்குகிறது. குப்பைக்குள் என்ன இருக்கிறது என்ற புதிருக்காகப் போனேன். அந்த மனிதருக்காக உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 1

'பழைய கேம்களைப் பற்றிய படம் பார்த்தால் ஆடிப்பார்க்க ஆசையாக இருக்கிறது, எங்கேயும் கிடைக்கவில்லை' என்கிறார் ஒருவர். பெரிய பிரச்சினைதான். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கணக்கெடுத்துச் சொன்னது.

டிஜிட்டல் எக்லிப்ஸ் என்ற ஸ்டுடியோவினர் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 'தி மேக்கிங் ஆஃப் கராத்தேகா' (2023) படமும் கேமும் சேர்ந்தது. 1984-இல் வந்த கராத்தேகா கேமை உருவாக்கிய ஜோர்டன் மெக்னரின் நாட்குறிப்புகள், கடிதங்கள், அரைகுறையாக நின்ற பழைய வடிவங்கள் எல்லாம் காலவரிசையில் இருக்கின்றன. கராத்தே அசைவுகளுக்காக அவர் சூப்பர் 8 கேமராவில் படம் எடுத்து, அதன் மேல் வரைந்தார். அந்தப் படச்சுருளைப் பார்க்கலாம், அதிலிருந்து வரைந்த கோட்டுருவத்தைப் பார்க்கலாம், உடனே அந்த உதையை நாமே பட்டனை அழுத்தி உதைத்துப் பார்க்கலாம். இசை அமைத்தவர் அவருடைய அப்பா. அவரும் உட்கார்ந்து பேசுகிறார். திரையைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது என்று நான் சொல்லிக்கொண்டிருப்பதை வரி வரியாகச் செய்திருக்கிறார்கள்.

ஜூலை 4

எனக்கு இன்னும் கிடைக்காத படம் ஒன்று உண்டு: டெஸ்டர்களைப் பற்றியது. ஒரே கதவில் நாள் முழுக்க மோதிப் பார்த்து, எந்தக் கோணத்தில் மோதினால் கேம் உடைகிறது என்று எழுதி வைப்பவர்கள். 'சைக்கோடிஸி' போன்ற தொடர்களில் கொஞ்சம் எட்டிப்பார்க்கிறார்கள், அவ்வளவுதான். கேமை அவர்கள் அளவுக்கு உற்றுப் பார்ப்பவர் யாரும் இல்லை. அவர்களில் ஒருவரை ஒரு கேம் வெளியாகும் வரை தொடர்ந்துபோய் யாராவது எடுத்திருந்தால் பெயரை இங்கே போடுங்கள், இன்றைக்கே பார்த்துவிடுகிறேன்.